பேட்ச் ஏன் ஒட்ட மறுக்கிறது? வாசகர் கேள்வி–பதில்

மென்பொருள் திட்டங்களில் பேட்ச்களை, அதாவது கோட்டில் செய்த மாற்றங்களை வரிவரியாகக் காட்டும் கோப்புகளை, கையாள்வது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டுங்கள்.

கேள்வி: உடன் வேலை செய்பவர் அனுப்பிய டிஃப் (பழைய, புதிய வடிவங்களின் வேறுபாட்டைக் காட்டும்) கோப்பில் '@@ -42,7 +42,9 @@' என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஏதோ விட்டுப்போனது போலத் தெரிந்ததால், எடிட்டரில் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தேன். இப்போது 'கரப்ட் பேட்ச்' என்கிறது. ஒரு வரி சேர்த்ததற்கா இந்தப் பாடு?

பதில்: அந்த ஒரு வரியால்தான். '@@' என்று தொடங்கும் வரி வெறும் தலைப்பு இல்லை, கணக்கு. பழைய கோப்பில் 42ஆம் வரியிலிருந்து 7 வரிகள், புதிய கோப்பில் 42ஆம் வரியிலிருந்து 9 வரிகள் என்று பொருள். மேலே 3, கீழே 3 என்று மாறாத வரிகள் 6. நீக்கிய வரி 1, சேர்த்த வரி 3. ஆறும் ஒன்றும் ஏழு, ஆறும் மூன்றும் ஒன்பது. நீங்கள் கூட்டல் குறியோடு ஒரு வரி நுழைத்ததும் புதிய பக்கம் 10 ஆகிவிட்டது, தலைப்போ இன்னும் 9 என்கிறது. கணக்கு உதைப்பதால் கோப்பே சிதைந்துவிட்டது என்று கிட் (கோட்டின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) முடிவு கட்டுகிறது.

9 என்பதை 10 ஆக்கினால் சரியாகிவிடும். எண்ணிப் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் 'கிட் அப்ளை --ரீகவுண்ட்' என்று கொடுங்கள். தலைப்பில் உள்ள எண்களை நம்பாமல் தானே எண்ணிக்கொள்ளும். ஆனாலும் எங்கள் யோசனை வேறு. வந்த பேட்ச்சை வந்தபடியே போடுங்கள், மூலக்கோப்பில் திருத்துங்கள், பிறகு டிஃப்பைப் புதிதாக எடுங்கள். கையால் திருத்திய பேட்ச்சில் எண்கள் மட்டும்தான் கெடும் என்று சொல்ல முடியாது. சில எடிட்டர்கள் சேமிக்கும்போது வரிக் கடைசியில் இருக்கும் இடைவெளிகளைத் தாமாகவே வெட்டிவிடும். மூலக்கோப்பின் அந்த வரியில் இடைவெளி இருந்தால், பேட்ச்சில் உள்ள வரி அதோடு பொருந்தாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிவதால் காரணத்தைக் கண்டுபிடிக்க நெடுநேரம் ஆகும்.

கேள்வி: ஒரே பேட்ச் கோப்பு. பழைய 'பேட்ச்' கட்டளையில் போட்டால் போகிறது, 'கிட் அப்ளை' மறுக்கிறது. எதை நம்புவது?

பதில்: மறுப்பதை நம்புங்கள். காரணத்தைச் சொல்கிறோம்.

'பேட்ச்' கட்டளையை லாரி வால் 1985இல் எழுதி வெளியிட்டார். டிஃப் எடுத்த பிறகு மூலக்கோப்பு சற்று மாறியிருந்தாலும் மாற்றத்தை உரிய இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதனால் இரண்டு விதமாக விட்டுக்கொடுக்கும். முதலாவது ஆஃப்செட்: 42ஆம் வரியில் இருக்க வேண்டியது 56ஆம் வரிக்கு இறங்கியிருந்தால் தேடிப் பிடிக்கும். இதில் பெரும்பாலும் ஆபத்தில்லை, கிட்டும் இதைச் செய்யும். இரண்டாவது ஃபஸ்: சுற்றியுள்ள மாறாத வரிகள் பொருந்தாவிட்டால், முதலில் மேலும் கீழும் ஓரத்தில் ஒவ்வொரு வரியைக் கண்டுகொள்ளாமல் விடும், அப்போதும் பொருந்தாவிட்டால் இரண்டிரண்டு வரிகளை விடும். க்னூ பேட்ச்சில் இயல்பான ஃபஸ் அளவு 2. மூன்று வரிச் சூழலில் இரண்டு போனால் மிச்சம் ஒன்றுதான். அந்த ஒற்றை வரி வெறும் அடைப்புக்குறியாக இருந்துவிட்டால்?

ஒரே மாதிரியான தொகுதிகள் வரிசையாக வரும் கோப்புகளில்தான் இது கழுத்தை அறுக்கும். அமைப்புக் கோப்புகள், நீண்ட ஸ்விட்ச் பகுதிகள், அட்டவணைகள் எல்லாம் இந்த வகை. மாற்றம் பக்கத்துத் தொகுதியில் போய் உட்காரும், கம்பைலும் ஆகும், பிழைச் செய்தி எதுவும் வராது. திரையில் 'வித் ஃபஸ் 2' என்று ஒரு வரி வந்தால் அந்த இடத்தைக் கட்டாயம் கண்ணால் பாருங்கள். பில்ட் ஸ்கிரிப்ட்டில் 'பேட்ச்' ஓடுகிறது என்றால் '--ஃபஸ்=0' சேர்த்துவிடுவது நல்லது.

கிட் அப்ளை ஃபஸ் செய்யாது. இன்னொரு வேறுபாடும் உண்டு: பத்து ஹங்க்கில் ('@@' வரியோடு தொடங்கும் துண்டுகளில்) ஒன்று ஒட்டாவிட்டாலும் கிட் எதையுமே தொடாது. 'பேட்ச்' கட்டளையோ ஒன்பதைப் போட்டுவிட்டு, ஒட்டாததை '.ரெஜ்' கோப்பில் எழுதி வைக்கும். அப்போது வெளியேறும் எண் 1. அதைக் கவனிக்காத ஸ்கிரிப்ட், பாதி ஒட்டிய கோப்புகளோடு பில்டை முடித்துவிடும்.

நாங்கள் சொல்லும் வரிசை இது. முதலில் 'கிட் அப்ளை --ஸ்டாட்' கொடுத்து எந்தக் கோப்புகளை அந்தப் பேட்ச் தொடப்போகிறது என்று பாருங்கள். அடுத்து 'கிட் அப்ளை --செக்'. ஒன்றையும் மாற்றாமல் ஒட்டுமா என்று மட்டும் சொல்லும். மறுத்தால் 'கிட் அப்ளை --3வே'. பேட்ச்சில் 'இண்டெக்ஸ்' என்று தொடங்கும் வரியில் இருக்கும் ஹாஷ்களை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளங்களை, கொண்டு மூலக்கோப்பின் பழைய வடிவத்தை ரெப்போவிலேயே (திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் களஞ்சியத்திலேயே) தேடியெடுத்து, அதோடு இரு பக்க மாற்றங்களையும் ஒப்பிட்டு இணைக்கும் முறையான மும்முனை மெர்ஜ் செய்யும். மோதல் இருந்தால் வழக்கமான கான்ஃப்ளிக்ட் குறிகள் வரும். இதுவும் நடக்காதபோதுதான் 'கிட் அப்ளை --ரிஜெக்ட்' கொடுத்து, '.ரெஜ்' கோப்புகளைப் பார்த்துக் கையால் சேர்க்க வேண்டும்.

கோப்பே கிடைக்கவில்லை என்று சொன்னால் பாதையைச் சோதியுங்கள். கிட் எடுக்கும் டிஃப்பில் பாதைகளின் முன்னால் 'ஏ/', 'பி/' என்று இருக்கும். '-பி1' (இங்கே பி என்பது p) என்றால் முதல் படியை வெட்டு என்று பொருள். கிட் அப்ளைக்கு அதுதான் இயல்பு, 'பேட்ச்' கட்டளைக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். கிட் அப்ளையை ரெப்போவின் உள்ளே ஒரு துணை அடைவில் நின்று ஓட்டினால், அந்த அடைவுக்கு வெளியே உள்ள பாதைகளை அது ஒதுக்கிவிடும். பிழை எதுவும் காட்டாமல், எதையும் மாற்றாமல் முடிந்துபோகும். 'ஓடியது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை' என்று எழுதிய வாசகர்களும் இதைப் பாருங்கள். ரெப்போவின் உச்சி அடைவுக்குப் போய் ஓட்டினால் சரியாகும்.

கேள்வி: 'ரிவர்ஸ்ட் ஆர் பிரீவியஸ்லி அப்ளைட் பேட்ச் டிடெக்டட்' என்று கேட்டு நிற்கிறது. ஒய் தட்டலாமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலும் அந்தப் பேட்ச் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்பதே செய்தி. ஒய் தட்டினால் இருக்கும் திருத்தத்தைப் பிடுங்கி வெளியே போட்டுவிடும். 'பேட்ச் -ஆர் --ட்ரை-ரன்' (ஆர் பெரிய எழுத்து) வெற்றியாக முடிந்தால் உள்ளே இருப்பது உறுதி. ஸ்கிரிப்ட்டில் '--ஃபார்வர்ட்' சேர்த்தால் இந்தக் கேள்வியே வராது, அந்தப் பேட்ச்சைத் தாண்டிப் போய்விடும்.

கேள்வி: மாற்றங்களை 'கிட் டிஃப்' எடுத்துக் கோப்பாக்கி இன்னொரு குழுவுக்கு அனுப்புகிறோம். அவர்கள் போட்டு கமிட் செய்ததும் (வரலாற்றில் பதிந்ததும்) எழுதியவர் பெயர் போய் அவர்கள் பெயர் வந்துவிடுகிறது. பெயரைத் தக்கவைக்க வழி உண்டா?

பதில்: டிஃப்பில் வரிகள் மட்டுமே உண்டு. யார் எழுதினார், எப்போது, ஏன் என்பது எதுவும் அதில் இல்லை. 'கிட் ஃபார்மாட்-பேட்ச் மெயின்..உங்கள்-பிராஞ்ச்' என்று எடுங்கள் (பிராஞ்ச் என்பது வரலாற்றின் தனிக் கிளை, மெயின் முதன்மைக் கிளை). கமிட் ஒன்றுக்கு ஒரு கோப்பாக, 0001, 0002 என்று வரிசை எண்ணோடு வரும். ஆசிரியர் பெயர், தேதி, கமிட் செய்தி எல்லாம் மின்னஞ்சல் வடிவில் உள்ளேயே இருக்கும். பெறுபவர் 'கிட் ஏஎம் --3வே' என்று போட வேண்டும். எழுதியவர் ஆசிரியராகவும், போட்டவர் கமிட்டராகவும் தனித்தனியே பதிவாவார்கள்.

சில நுணுக்கங்கள். மறுபடி திருத்தி அனுப்பும்போது '-வி2' சேர்த்தால் தலைப்பிலும் கோப்புப் பெயரிலும் இரண்டாம் பதிப்பு என்று வந்துவிடும். மூன்று நான்கு பேட்ச்களுக்கு மேல் போனால் '--கவர்-லெட்டர்' கொடுத்து, தொகுப்பு எதற்காக என்று ஒரு முகவுரை எழுதுங்கள். '--பேஸ்' கொடுத்தால் எந்தக் கமிட்டின் மேல் கட்டிய பேட்ச் என்பதும் பதிவாகும். பெறுபவருக்கு இது பெரிய உதவி. கமிட் செய்திக்குக் கீழே மூன்று கோடுகள் வரும் இல்லையா, அதற்கும் டிஃப்புக்கும் இடையில் நீங்கள் எழுதுவது எதுவும் வரலாற்றில் சேராது. 'முந்தைய பதிப்பிலிருந்து இதை மாற்றினேன்' போன்ற குறிப்புகளுக்கு அதுதான் இடம்.

தலைப்பில் சதுர அடைப்புக்குள் மாட்யூல் பெயர் எழுதும் பழக்கம் உங்கள் குழுவுக்கு இருந்தால், 'கிட் ஏஎம்' அதையும் சேர்த்து வெட்டிவிடும். '--கீப்-நான்-பேட்ச்' கொடுத்தால் 'பேட்ச்' என்ற சொல் உள்ள அடைப்பை மட்டும் வெட்டி, மற்றதை விட்டுவைக்கும்.

பேட்ச்சை மின்னஞ்சல் உடலில் வெட்டி ஒட்டாதீர்கள். நீண்ட வரிகள் உடையும், டேப்கள் இடைவெளிகளாகும். 'கிட் செண்ட்-ஈமெயில்' பயன்படுத்துங்கள், இல்லையேல் இணைப்பாக அனுப்புங்கள்.

மோதலில் நின்றால் கோப்பைத் திருத்தி 'கிட் ஆட்' செய்து, 'கிட் ஏஎம் --கன்டினியூ' கொடுக்க வேண்டும். பலர் இங்கே பழக்கதோஷத்தில் 'கிட் கமிட்' அடித்துவிடுகிறார்கள். உங்கள் கேள்வியில் வரும் பெயர்க் குழப்பம் அப்படியும் நேரும். அதோடு, அடுத்து கன்டினியூ கொடுத்தால் 'மாற்றமே இல்லையே' என்று கிட் கேட்கும். '3வே' கொடுத்தும் 'லேக்ஸ் நெசசரி பிளாப்ஸ்' என்று வந்தால், பேட்ச் எந்தக் கோப்பின் மேல் எழுதப்பட்டதோ அந்த வடிவம் உங்கள் ரெப்போவில் இல்லை. அனுப்பியவரின் அடிப்படை பிராஞ்ச்சை ஃபெட்ச் செய்துவிட்டு மறுபடி போடுங்கள்.

கேள்வி: எங்களிடம் மூன்று பழைய வெளியீட்டு பிராஞ்ச்கள் இன்னும் பயன்பாட்டில் இருக்கின்றன. மெயினில் போட்ட ஒரு பாதுகாப்புத் திருத்தம் மூன்றுக்கும் போக வேண்டும். செர்ரி-பிக் (ஒரு கமிட்டை மட்டும் இன்னொரு பிராஞ்ச்சுக்கு எடுப்பது) போதுமா? எது போனது, எது போகவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இரண்டு மரபுகள் உண்டு. கிட் திட்டத்தின் சொந்த வழிகாட்டி, திருத்தத்தைத் தேவைப்படும் மிகப் பழைய பிராஞ்ச்சில் முதலில் போட்டு, அங்கிருந்து மேல்நோக்கி மெர்ஜ் செய்யச் சொல்கிறது. லினக்ஸ் கெர்னலின் நிலைப்பதிப்புகளில் எதிர்த்திசை: முதலில் மெயின்லைனில் சேர வேண்டும், பிறகுதான் கீழே வரும். உங்கள் பிராஞ்ச்கள் ஒன்றிலிருந்து ஒன்று வெகுதூரம் விலகாதவரை மேல்நோக்கிய மெர்ஜ் சுத்தமானது. எது போனது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை, வரலாறே சொல்லிவிடும். ஆனால் உங்கள் திருத்தம் ஏற்கெனவே மெயினில் இருப்பதால் இப்போதைக்குச் செர்ரி-பிக்தான்.

'கிட் செர்ரி-பிக் -எக்ஸ்' என்று செய்யுங்கள். எந்தக் கமிட்டிலிருந்து எடுத்தது என்ற வரி செய்தியின் அடியில் சேரும். ஆறு மாதம் கழித்து ஒருவர் தேடும்போது அந்த ஒரு வரிதான் துணை. எது போகவில்லை என்று பார்க்க 'கிட் செர்ரி -வி பழைய-பிராஞ்ச் மெயின்': கழித்தல் குறி உள்ளவை பழைய பிராஞ்ச்சிலும் இருக்கின்றன, கூட்டல் குறி உள்ளவை இல்லை. கிட் இதைப் பேட்ச்-ஐடி வைத்துச் சொல்கிறது. வரி எண்ணையும் இடைவெளிகளையும் விட்டுவிட்டு, மாற்றத்தின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம் அது. ஆகவே மோதலைத் தீர்க்கும்போது மாற்றத்தில் கை வைத்திருந்தால் பேட்ச்-ஐடி மாறி, போட்ட திருத்தம்கூடக் கூட்டல் குறியோடு தெரியும். '-எக்ஸ்' சேர்க்கும் வரி அப்போது கைகொடுக்கும்.

மோதல் வந்தால் உடனே திருத்தத் தொடங்காதீர்கள். 'கிட் லாக் பழைய-பிராஞ்ச்..மெயின் -- அந்தக் கோப்பு' என்று கேளுங்கள். இடையில் வந்த ஏதோ ஒரு சிறிய கமிட்தான் பெரும்பாலும் காரணம். அதையும் முன்னால் எடுத்துக்கொண்டால் மோதலே இல்லாமல் போகும். ஆனால் அதனால் பழைய பதிப்பின் நடத்தை மாறுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மோதல் வந்தால் எல்லாரும் கவனமாகப் பார்க்கிறார்கள். மோதலே இல்லாமல் போவதுதான் எங்களுக்கு அதிகக் கவலை. மெயினில் ஒரு ஃபங்ஷன் பிழையின்போது எதிர்ம எண் திருப்புகிறது, பழைய பிராஞ்ச்சில் அதே ஃபங்ஷன் பூஜ்யம் திருப்புகிறது என்று வையுங்கள். திருத்தம் வரி பிசகாமல் ஒட்டும், கம்பைல் ஆகும், ஓட்டை மட்டும் அடைபடாது. எனவே திருத்தத்தோடு அதன் சோதனையையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய பிராஞ்ச்சில் முதலில் சோதனையை மட்டும் போட்டு அது தோற்பதைப் பாருங்கள், பிறகு திருத்தத்தைப் போட்டு ஜெயிப்பதைப் பாருங்கள்.

கேள்வி: வெளியார் எழுதிய ஒரு லைப்ரரியைப் பயன்படுத்துகிறோம். அதில் எங்கள் தேவைக்காக 14 மாற்றங்கள் செய்திருக்கிறோம். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் ஒரு வாரம் போய்விடுகிறது. எந்த மாற்றம் எதற்காகச் செய்தது என்றே பாதிக்கு நினைவில்லை.

பதில்: 'நினைவில்லை' என்பதுதான் நோய். ஒரு வாரம் போவது அதன் விளைவு.

மூலத்தையும் உங்கள் மாற்றங்களையும் ஒரே குவியலாக வைக்காதீர்கள். மூலம் வந்தபடியே ஒரு பிராஞ்ச்சில் இருக்கட்டும், அதில் உங்கள் கை ஒரு வரியிலும் படக்கூடாது. அதன் மேல் இன்னொரு பிராஞ்ச், அதில் 14 மாற்றங்களும் 14 கமிட்கள். இப்போது எல்லாம் கலந்து கிடக்கிறது என்றால், மூலத்துக்கும் உங்கள் நிலைக்கும் டிஃப் எடுத்து, 'கிட் ஆட் -பி' (இங்கும் பி என்பது p) கொண்டு ஹங்க் ஹங்க்காகப் பிரியுங்கள். ஒரு ஹங்க்குக்குள்ளேயே இரண்டு காரியம் கலந்திருந்தால் எஸ் தட்டினால் உடையும், உடையாவிட்டால் இ தட்டி வரியளவில் திருத்தலாம். சலிப்பான வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

புதிய பதிப்பு வந்ததும் மூல பிராஞ்ச்சில் ஏற்றி, 'கிட் ரிபேஸ் --ஆன்டூ புதிய-பதிப்பு பழைய-பதிப்பு நம்-பிராஞ்ச்'. உங்கள் கமிட்களைப் புதிய பதிப்பின் மேல் ஒவ்வொன்றாக மறுபடி அடுக்கும். மேலே இருப்பவர்கள் உங்கள் திருத்தங்களில் ஒன்றை ஏற்றுக்கொண்டிருந்தால் அந்தக் கமிட் வெறுமையாகிக் கழன்றுகொள்ளும். மோதல்கள் ஒவ்வொரு கமிட்டாக, சிறிது சிறிதாக வரும். இதற்கு முன் 'கிட் கான்ஃபிக் ரெரெரெ.எனேபிள்ட் ட்ரூ' போட்டு வையுங்கள். ஒருமுறை தீர்த்த மோதலைக் கிட் நினைவில் வைத்து, அதே மோதல் மறுபடி வந்தால் தானே தீர்க்கும். ரிபேஸை நடுவில் கைவிட்டு மறுபடி தொடங்கும்போது இதன் அருமை தெரியும். 'மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல்' என்பதை 'டிஃப்3' ஆக்குங்கள். இரு பக்கத்தோடு பழைய வடிவத்தையும் காட்டும். அது இல்லாமல் மோதலைத் தீர்ப்பது பாதி ஊகம்தான்.

முடிந்ததும் 'கிட் ரேஞ்ச்-டிஃப் பழைய-பதிப்பு..பழைய-பிராஞ்ச் புதிய-பதிப்பு..நம்-பிராஞ்ச்'. பழைய 14 பேட்ச்களையும் புதிய பேட்ச்களையும் இணை சேர்த்து, எது அப்படியே வந்தது, எது மாறியது, எது காணாமல் போனது என்று காட்டும். 2018இல் வந்த 2.19 பதிப்பு முதல் கிட்டிலேயே இருக்கிறது. மேம்படுத்தலை ரிவ்யூ செய்பவர் படிக்க வேண்டியது இதைத்தான்; பல்லாயிரம் வரி டிஃப்பைக் கொடுத்து 'பார்த்துச் சொல்லுங்கள்' என்பது நியாயமில்லை.

லைப்ரரியின் முழு வரலாற்றையும் சுமக்க விருப்பமில்லை என்றால் க்வில்ட் முறை இருக்கிறது. டெபியன் லினக்ஸ் பொதிகளில் இன்றும் அதுதான்: 'டெபியன்/பேட்ச்சஸ்' அடைவில் பேட்ச் கோப்புகள், அவற்றைப் போட வேண்டிய வரிசை 'சீரிஸ்' என்ற கோப்பில். இதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. கோப்பைத் திருத்துவதற்கு முன் 'க்வில்ட் ஆட்' செய்தாக வேண்டும். முதலில் திருத்திவிட்டுப் பிறகு ஆட் செய்தால், திருத்திய வடிவத்தையே மூலம் என்று எடுத்துக்கொள்ளும். 'க்வில்ட் ரெஃப்ரெஷ்' கொடுத்தாலும் பேட்ச்சில் உங்கள் மாற்றம் வராது. 'க்வில்ட் எடிட்' இரண்டையும் சேர்த்துச் செய்வதால் அதையே பழகிக்கொள்ளுங்கள்.

பேட்ச் கோப்புகளை ரெப்போவில் வைப்பவர்களுக்கு: ஃபார்மாட்-பேட்ச் ஒவ்வொரு முறையும் கமிட் ஹாஷையும் கிட்டின் பதிப்பு எண்ணையும் கோப்பில் எழுதும். ஒன்றுமே மாறாதபோதும் எல்லாப் பேட்ச்களும் மாறியதாகத் தெரிவதற்கு அதுவே காரணம். '--ஜீரோ-கமிட்', '--நோ-சிக்னேச்சர்', '-என்' (பெரிய எழுத்து) மூன்றையும் கொடுத்தால் அந்த இரைச்சல் பெரிதும் அடங்கும். '.கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் '*.பேட்ச் -டெக்ஸ்ட்' என்றும் போட்டுவிடுங்கள், இல்லையேல் விண்டோஸ் கணினியில் வரி முடிவுகள் மாறி ஒரு பேட்ச்சும் ஒட்டாது.

இனி நோய்க்கு வருவோம். ஒவ்வொரு பேட்ச்சின் தலையிலும் நான்கு விவரங்கள் வேண்டும்: எதற்காக, எங்கிருந்து வந்தது, மூலத் திட்டத்துக்கு அனுப்பினோமா, எப்போது இதைத் தூக்கி எறியலாம். டெபியனின் டெப்-3 என்ற மரபில் விளக்கம், தோற்றம், அனுப்பிய நிலை, கடைசியாகப் பார்த்த தேதி ஆகியவற்றுக்குத் தனித்தனித் தலைப்பே உண்டு. கடைசிக் கேள்விக்கு விடை எழுத முடியாத பேட்ச்சை நீங்கள் காலத்துக்கும் சுமக்கப்போகிறீர்கள் என்று அறிக. பொதுவான பிழைத்திருத்தங்களை மேலே அனுப்பிவிடுங்கள். அங்கே ஏற்கப்பட்ட ஒவ்வொரு பேட்ச்சும் உங்கள் 14இல் ஒன்றைக் குறைக்கும்.

கேள்வி: ரிவ்யூவில் சொன்னதை எல்லாம் 'ஃபிக்ஸ்', 'மறுபடி ஃபிக்ஸ்' என்று தனிக் கமிட்களாகப் போடுகிறேன். மூத்தவர் திட்டுகிறார். முடிவில் கோட் ஒன்றுதானே?

பதில்: கோட் ஒன்றுதான். ஆனால் நாளை உங்கள் முதல் கமிட்டைச் செர்ரி-பிக் செய்பவர், அதன் பிழையோடு சேர்த்தே எடுத்துப் போவார். 'மறுபடி ஃபிக்ஸ்' என்பது இதன் பாதி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

திருத்தத்தை ஸ்டேஜ் செய்து 'கிட் கமிட் --ஃபிக்ஸப்=அந்தக்-கமிட்' கொடுங்கள். எல்லாம் முடிந்ததும் 'கிட் ரிபேஸ் -ஐ --ஆட்டோஸ்குவாஷ் மெயின்' அவற்றை உரிய கமிட்டோடு தானே சேர்த்துவிடும். கூடவே '--எக்ஸெக்' கொடுத்துச் சோதனைக் கட்டளையைச் சேர்த்தால், ஒவ்வொரு கமிட்டிலும் ஓட்டிப் பார்த்து, தோற்ற இடத்தில் நிற்கும். புஷ் செய்யும்போது வெறும் '--ஃபோர்ஸ்' வேண்டாம், '--ஃபோர்ஸ்-வித்-லீஸ்' போடுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த பிறகு வேறொருவர் அந்த பிராஞ்ச்சில் எதையாவது ஏற்றியிருந்தால் தடுத்துவிடும். ஆனால் எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்துகொண்டிருந்தால் அந்தக் காவல் பலவீனமாகிவிடும். உங்கள் எடிட்டரில் அதை அணைத்து வையுங்கள். மெர்ஜ் ஆகிவிட்ட, பலர் பகிரும் பிராஞ்ச்சில் இதில் எதையுமே செய்யக்கூடாது.

கேள்வி: மெர்ஜ் ஒன்றை ரிவர்ட் செய்தோம். பிழையைச் சரிசெய்து அதே பிராஞ்ச்சை மறுபடி மெர்ஜ் செய்தால் புதிய திருத்தம் மட்டும் வருகிறது, பழைய வேலை முழுக்கக் காணோம்!

பதில்: 'கிட் ரிவர்ட் -எம் 1' கோட்டைத்தான் திரும்பப் பெறுகிறது, மெர்ஜ் நடந்த வரலாற்றை அழிப்பதில்லை. பழைய கமிட்கள் ஏற்கெனவே மெயினில் சேர்ந்தவை என்பதே கிட்டின் கணக்கு, அதனால் மறுபடி கொண்டுவராது. அந்த ரிவர்ட் கமிட்டையே ரிவர்ட் செய்யுங்கள், பழைய வேலை அத்தனையும் திரும்பிவிடும். முதல் ரிவர்ட்டின் செய்தியில் 'மறுபடி சேர்க்கும்போது இதை ரிவர்ட் செய்க' என்று எழுதி வைத்தால் அடுத்தவர் தேட வேண்டியிருக்காது.

கேள்வி: கடவுச்சொல் உள்ள கோப்பைத் தவறுதலாக கமிட் செய்து புஷ்ஷும் செய்துவிட்டோம். அடுத்த கமிட்டில் நீக்கிவிட்டோம். போதும்தானே?

பதில்: போதாது. முதல் வேலை, இந்த நிமிடமே அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவது. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கிறது. வரலாற்றை 'கிட் ஃபில்டர்-ரெப்போ' கொண்டு மாற்றி எழுதினாலும், ஏற்கெனவே க்ளோன் செய்தவர்களிடம் இருப்பதை நீங்கள் அழிக்க முடியாது.

கேள்வி: இரண்டு வரி மாற்றினேன். டிஃப்பில் 900 வரி மாறியதாக வருகிறது.

பதில்: வரி முடிவு, அல்லது எடிட்டரின் ஃபார்மேட்டர். 'கிட் டிஃப் -டபிள்யூ' இடைவெளி வேறுபாடுகளை விட்டுவிட்டுக் காட்டும். அதில் இரண்டே வரி வந்தால் ஐயம் தெளிந்தது. வரி முடிவுதான் காரணம் என்றால், '.கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் '* டெக்ஸ்ட்=ஆட்டோ' எழுதி, 'கிட் ஆட் --ரீநார்மலைஸ் .' செய்து, அதை மட்டும் தனிக் கமிட்டாகப் போடுங்கள். ஃபார்மேட்டர் மாற்றங்களும் அப்படித்தான், தனிக் கமிட். அந்தக் கமிட்டின் ஹாஷை ஒரு கோப்பில் எழுதி 'பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்' அமைப்பில் கொடுத்தால், பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கட்டளை) பார்க்கும்போது அதைத் தாண்டி உண்மையாக எழுதியவரைக் காட்டும்.

கேள்வி: ஒரு பேட்ச் அதிகபட்சம் எத்தனை வரி இருக்கலாம்? எங்கள் குழுவில் 200 என்று வைத்திருக்கிறோம்.

பதில்: வரி எண்ணிக்கையை அளவுகோலாக வைத்தால், 390 வரியை 195, 195 என்று நடுவில் வெட்டித் தருவார்கள். முதல் பாதி தனியாகக் கம்பைல்கூட ஆகாது. ஒரு ஃபங்ஷனின் பெயரை 300 இடங்களில் மாற்றும் பேட்ச் பெரியதல்ல, அரை நிமிடத்தில் ரிவ்யூ செய்யலாம். பூட்டு எடுக்கும் வரிசையை மாற்றும் ஆறு வரிப் பேட்ச்சுக்கு அரை நாள் ஆகலாம்.

நாங்கள் பார்ப்பது இரண்டே இரண்டு. இதை மட்டும் தனியாக ரிவர்ட் செய்தால் மற்றவை நிற்குமா? இதோடு நின்றால் திட்டம் கம்பைல் ஆகிச் சோதனைகள் ஜெயிக்குமா? தலைப்பு எழுதும்போது 'மேலும்' என்று சேர்க்க வேண்டிவந்தால் அங்கேயே பிரித்துவிடுங்கள்.

இரண்டாவது நிபந்தனையை வலியுறுத்தக் காரணம் பைசெக்ட்: வரலாற்றைப் பாதி பாதியாக வெட்டி, பிழை நுழைந்த கமிட்டைத் தேடும் முறை. 1000 கமிட்களுக்குள் ஒளிந்த பிழையைச் சுமார் 10 சோதனைகளில் பிடிக்கலாம். 'கிட் பைசெக்ட் ரன்' ஓட்டும் ஸ்கிரிப்ட் 0 திருப்பினால் நல்லது, 125 திருப்பினால் தாண்டிப் போ, 1 முதல் 127 வரை மற்ற எண்கள் கெட்டது. கம்பைல் ஆகாதபோது ஸ்கிரிப்ட் 125 திருப்ப வேண்டும். 1 திருப்பினால் குற்றமற்ற கமிட்டின் மேல் பழி விழும். பாதி வெட்டிய பேட்ச்கள் நிறைந்த வரலாற்றில் தாண்டல்கள் பெருகி, கடைசியில் 'இந்தப் பன்னிரண்டில் ஏதோ ஒன்று' என்று பைசெக்ட் கைவிரித்துவிடும்.

கேள்வி: பாதி வேலையை ஸ்டாஷில் (கிட்டின் தற்காலிக ஒதுக்கிடத்தில்) வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாமா?

பதில்: ஒரு மணி நேரத்துக்கு என்றால் சரி. ஸ்டாஷ் புஷ்ஷோடு போவதில்லை, உங்கள் கணினியில் மட்டும்தான் இருக்கும். '-யு' கொடுக்காவிட்டால் கிட் இன்னும் கண்காணிக்காத புதிய கோப்புகள் அதில் சேராமல் வெளியிலேயே கிடக்கும். நாள்கணக்கில் வைப்பதானால் உங்கள் பிராஞ்ச்சிலேயே 'முடியாத வேலை' என்று கமிட் போட்டுப் புஷ் செய்துவிடுங்கள். திரும்ப வரும்போது 'கிட் ரீசெட் ஹெட்^' கொடுத்தால் அந்தக் கமிட் கழன்று, மாற்றங்கள் விட்ட இடத்திலேயே இருக்கும்.